இரண்டு பங்காக அறுத்த கார்

அந்தக் காரை அறுக்க மூன்று நாள் ஆனது. முதல் நாள் கூரையும், கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண்களும். இரண்டாம் நாள் தரைப்பலகையும் வெளிப்படியும். மூன்றாம் நாள் மதியம்தான் அடியில் ஓடும் சேஸின் இரண்டு இரும்புச் சட்டங்களில் வாள் வைத்தார்கள். கடைசி இரும்பு அறுந்ததும் இரண்டு பாதிகளும் அறுபட்ட இடத்தில் ஒரே சமயத்தில் தரையில் இடித்து இறங்கின. அறுத்துக்கொண்டிருந்த கொல்லர் கையை இழுப்பதற்குள் இடது சுண்டுவிரல் அடியில் போய்விட்டது. இரும்பைத் தூக்கி விரலை எடுக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. எடுத்தபோது அது விரலாக இல்லை.

நான் அங்கே இல்லை. பார்த்தவர்கள் ஐந்து பேரிடம் பிற்பாடு தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். நாலு பேர் சுண்டுவிரல் என்றார்கள், ஒருவர் மோதிரவிரல் என்றார். கொல்லரையே தேடிப் போய்க் கையைப் பார்த்தேன். சுண்டுவிரல்தான். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இதையுமா சார் எழுதுவீக?" என்றார். எழுதினேன். இந்தக் கட்டுரையில் ஆண்டுகளை மட்டும் விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கிழமையும் நேரமும் என் டைரியில் உள்ளபடி.

கார், நெய்க்காரப்பட்டியில் நிலபுலன் வைத்திருந்த ஒரு பெரிய மனிதருடையது. இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. நாலு கதவு, ஆறு பேர் உட்காரலாம். அவர் செத்தபின் இரண்டு மகன்களும் பாகம் பிரித்தார்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே உள்ள முறை. எடுப்பவன் தம்பி என்பதால் அண்ணன் ஓரவஞ்சனை இல்லாமல் வைப்பான் என்று ஒரு கணக்கு. நிலம், கிணறு, மாடு, பாத்திரம் வரை அப்படியே நடந்தது. காரை என்ன செய்வது என்று வந்தபோது, விற்றுப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள் பெரியவர்கள். அண்ணன் சுண்ணாம்பில் விரலை முக்கி, முன்சீட்டுக்குச் சரியாகப் பின்னால், கூரையிலிருந்து வெளிப்படி வரை ஒரு கோடு போட்டார். "பங்கு வச்சாச்சுங்க. அவன எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

இன்ஜின் இருக்கிற பாதியைத்தான் தம்பி எடுப்பார் என்று பாகம் பிரித்த களத்தில் நின்ற அத்தனை பேரும் நினைத்தார்கள். தம்பி பின்பாதியைக் காட்டினார். அண்ணனின் முகம் செத்துப்போனது என்று ஐந்து பேரில் மூன்று பேர் சொன்னார்கள். அது ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்கும் வெகுநாள் தெரியவில்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடம் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஆளுயரச் சுவர், அதன் தலையில் கண்ணாடிச் சில்லு. தம்பியின் மோட்டாரைக் கிணற்றுக்குள் தள்ளினார்கள். அண்ணனின் மாட்டுக்குப் பின்னங்காலில் வெட்டு விழுந்தது. திருவிழாவில் தேர் வடம் பிடிக்கும்போது இரண்டு வீட்டுப் பையன்களும் மோதி, ஒருவன் மண்டையில் பதினான்கு தையல். காரின் முன்பாதி அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் பின்பாதி தம்பி வீட்டுப் புகையிலைக் கொட்டகையிலும் கிடந்தன.

எனக்கு இது எப்படித் தெரியவந்தது என்று சொல்ல வேண்டும். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். ஆத்தூர் போகிற ரோட்டில், என் பால்ய சிநேகிதர் ஒருவரோடு சேர்ந்து ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அவரை ஊரில் எல்லோரையும் போல நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர். வண்டி எப்படி நசுங்கி வந்தாலும் தட்டி நிமிர்த்திவிடுவார். என்னை மாப்ள என்பார். கொட்டகையில் அப்போது இரண்டு பழைய கார்கள், ரயில்வே டிக்கெட்டில் தேதி குத்துகிற இரும்பு எந்திரம், கையால் சுற்றினால் கூட்டிக் கழிக்கிற ஒரு பெட்டி, தப்பான சாவி போட்டால் உள்ளிருந்து ஆணி பாய்ந்து விரலைக் குத்தும் உள்ளூர்ப் பூட்டு ஒன்று, எல்லாம் இருந்தன. பூட்டு என் கட்டைவிரலைத் துளைத்த தழும்பு இப்போதும் இருக்கிறது. ஆணி நகத்தின் வழியாக வெளியே வந்ததைப் பார்த்தபோது வலியைவிட, ஸ்பிரிங் இன்னும் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதே என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. இந்தப் பித்து உள்ளவர்களுக்கு இது புரியும்.

எங்கள் கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம். வந்த எதையும் எறியக்கூடாது. துருப்பிடித்த ஆணியானாலும் நம்பர் போட்டு, தேதி போட்டு, நோட்டில் ஏற்றி, சரிசெய்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். சட்டம் போட்டது நான்.

அறுத்த கார் ஒன்று இருக்கிறது என்று தோல் வியாபாரி ஒருவர் சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாயும் நானும் கிளம்பிப் போனோம். அண்ணனுக்கு அப்போது அறுபத்தேழு வயது. கழுத்தை எப்போதும் தோளுக்குள் கொஞ்சம் இழுத்துவைத்துக்கொண்டே இருப்பார். காரின் பம்பரில் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. ஸ்டியரிங் சக்கரத்தில் ஒரு ஆரக்கால் உடைந்திருந்தது. விலை பேசலாம் என்று ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"விலை கெடக்குதுங்க வாத்தியாரே. நீங்க அதையும் இதையும் ஒட்டப்போறீங்களா?"

"ஆமாங்க. தம்பி பாதி கிடைச்சா ஒட்டிருவோம்."

"ஒட்டுனா ஓடுமுங்களா?"

"ஓட வச்சுருவோம்ல" என்றார் பாய்.

அவர் பம்பரிலிருந்து கன்றுக்குட்டியை அவிழ்த்தார். "அப்படீன்னா சும்மாவே எடுத்துக்குங்க. ஒண்ணே ஒண்ணு. ஓடுற அன்னிக்கு மொதல் சுத்து நான் ஓட்டோணும். என்ற தம்பி பின்னால உக்காரோணும். அவ்வளவுதானுங்க."

திரும்பி வருகிற வழியில், ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பாய் பைக்கை ஓரம் கட்டி என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "மாப்ள, கேட்டீயளா? தம்பி பின்னால உக்காரணுமாம்! முப்பது வருசம் கழிச்சு அந்தாளு வாயில தம்பிங்கிற சொல்லு வந்துருக்கு. காரு ஒட்டுச்சுன்னா அவனுகளும் ஒட்டிக்கிருவானுக. நீங்க வேணா பாருங்க." நானும் அப்படியேதான் நினைத்தேன். அன்றைய டைரியில், 'இது வெறும் கார் அல்ல' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

தம்பி முதல் தடவை எங்களை உள்ளேயே விடவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் எங்கள் பைக் நின்றதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாழைக்குலை வெட்டிய அரிவாள் கையில் இருந்தது. "அவன் சொல்லி வந்தீங்கன்னா நின்ன நெலையில போயிருங்க. போயிருங்கங்கறேன்" என்றவர், பாய் ஒரு அடி முன்னால் வைத்ததும் அரிவாளை வீசினார். ஆளைப் பார்த்து வீசவில்லை. பைக் சீட்டில் இறங்கி, ஸ்பாஞ்ச் வரை கிழித்துக்கொண்டு நின்றது. பாய் அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல பதமா தீட்டியிருக்கீய" என்றார். அந்த மனிதர் சிரித்துவிட்டார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான்கு தடவை போனோம். நான்காவது தடவை, மார்கழி இரண்டாம் ஞாயிறு, கொட்டகையைத் திறந்தார். பின்பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கயிறு கட்டி, முடிச்சின்மேல் பூட்டுப் போட்டிருந்தார். உள்ளே ஒரு கோழிகூட ஏறியதில்லை. சீட்டுத் தோல் மட்டும் வெடித்திருந்தது. அண்ணன் கேட்டதைச் சொன்னோம். அவர் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பின்னால உக்காரோணும்னு அவனே சொன்னானுங்களா?"

"அவரே சொன்னாரு."

"வாரேன்னு சொல்லுங்க." பிறகு எங்களைப் பார்க்காமல், "எடுத்துட்டுப் போங்க. ஆனா உள்ளாற இருக்கற சாமானம் எதுவும் வேண்டாமுங்க. ஒண்ணு விடாம எறிஞ்சுருங்க. எறிஞ்சுருவீங்களா?" என்றார்.

"சரிங்க" என்றேன்.

ஒரு மனிதர் வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம். சரி என்று நாக்கு சொல்லும்போதே என் கை நோட்டைத் தேடியது. எறியச் சொன்னவரின் வருத்தம் அது, காரின் வரலாறு வேறு, என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒட்டுகிற வேலை ஒன்பது மாதம். இரும்போடு போடுகிற சண்டை என்ன என்று அந்த ஒன்பது மாதத்தில் எங்கள் உடம்பு படித்தது. அறுத்த வாள் நாலு இடத்தில் கோடு விலகிப் போயிருந்தது. வாள் தின்ற இரும்பு திரும்ப வராது. சேஸ் சட்டங்களுக்குள் புதுச் சட்டம் நுழைத்து, வெளியே பட்டை வைத்து, பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்தோம். சித்திரை வெயிலில், தகரத்துக்கு அடியில், பாய் சட்டையைக் கழற்றிவிட்டு அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை. பின்சக்கரத்துப் பட்டை ஸ்பிரிங்கை நெருக்கிக் கட்டும்போது கயிறு அறுந்து, மேல் பட்டை எகிறி அவர் தாடையில் மோதியது. கடைவாய்ப் பல் இரண்டு மண்ணில் கிடந்தன. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "மாப்ள, இதுக்கும் நம்பரு போட்டு எடுத்து வைங்க" என்றார். காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகி முதன்முதலாக இன்ஜினைச் சுற்றியபோது அது எதிர்ப்பக்கம் உதைத்தது. என் வலது மணிக்கட்டு முறிந்தது. நாற்பது நாள் இடது கையால் டைரி எழுதினேன். ஒரு நாளும் விடவில்லை.

முன்சீட்டைப் பிரித்தது ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் விட்டபிறகு. டிரைவர் முதுகு சாய்கிற தோலின் மேல்விளிம்பில், குறுக்காக மெல்லிய வெட்டுகள் வரிசையாக இருந்தன. பத்தொன்பது. எலி என்று நினைத்தேன். சீட் தைக்க வந்த ராவுத்தர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எலி கடிச்சா பிசிறு இருக்கும் சார். இது மேலருந்து விழுந்தது" என்றார். என்ன விழுந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நோட்டில் 'எண் 12, தோலில் வெட்டு, காரணம் தெரியவில்லை' என்று எழுதி, புதுத்தோல் போடச் சொன்னேன்.

இரண்டு பக்கம் தள்ளி எண் 31. பின்பக்க இடது கதவுத் தூணில், உள்புறம், பித்தளையில் இரண்டு கவ்விகள். அவற்றில் ஒரு பிரம்பு. முழநீளத்துக்கு இரண்டு பங்கு. கைப்பிடியில் தோல் சுற்றி, நுனியில் பித்தளைப் பூண். செத்துப்போன பெரியவர் ஊன்றி நடக்க வைத்திருந்தது என்று முடிவுகட்டிக்கொண்டேன். ஊன்றுகோல் அத்தனை மெலிதாக இருக்குமா என்று யோசித்திருக்கலாம். தோல் உளுத்துப்போயிருந்ததால், ராவுத்தரிடமே கொடுத்துப் புதுத்தோல் பின்னிச் சுற்றினேன். எண்ணெய் போட்டு வளைவு எடுத்தேன். பூணைப் பாய் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினார். பழைய இடத்தில், பழைய கவ்வியில், பழைய சாய்வில் மாட்டினோம். காரில் எனக்கு மிகவும் பிடித்த வேலைகளில் அதுவும் ஒன்று. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கார் ஓடுகிற நாள், ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் முதல் பூசை முடிந்து நான் கொட்டகைக்கு வந்தபோது மணி ஏழே முக்கால். அண்ணன் அதற்கு முன்பே பஸ்ஸில் வந்து இறங்கி, புளியமரத்தடியில் வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார். தம்பி எட்டரைக்கு வந்தார். இருவருக்கும் நடுவில் கார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, ஆனால் இருவருமே புதிதாகச் சவரம் செய்திருந்தார்கள். பாய் என் காதில், "மாப்பிள்ளை அழைப்பு மாதிரில்ல இருக்கு" என்றார்.

அண்ணன் காரை முன்னாலிருந்து மட்டுமே பார்த்தார். ஹேண்டிலை வாங்கி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்து, ஒரே சுண்டு. என் மணிக்கட்டை முறித்த இன்ஜின் அவருக்கு நாய்க்குட்டி மாதிரி பிடித்துக்கொண்டது. தம்பி இடது பின்கதவைத் திறந்தவர், ஒரு காலை உள்ளே வைத்தபடி அப்படியே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். வேலைப்பாட்டை மெச்சுகிறார் என்று நினைத்து நான் புன்னகை செய்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. அதற்குள் அண்ணன் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். தம்பியும் உட்கார்ந்தார். நான் முன்னால் இடதுபக்கம். பாய் பைக்கில் பின்னால்.

ஆத்தூர் ரோட்டில் இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. கார் நன்றாக ஓடியது. ஒட்டிய இடத்தில் ஒரு முனகல்கூட இல்லை. அண்ணனின் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கழுத்து மட்டும் தோளுக்குள்ளிருந்து கொஞ்சம் வெளியே வந்திருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டர் போயிருப்போம். ரோட்டில் ஆடுகள். வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கினார். இந்தக் காலத்துக் கார்களைப் போல இல்லை அது. கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் இன்ஜினை ஏற்றிவிட்டு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பல்லோடு பல் உரசும். உரசியது. காரே அலறுவதுபோல ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில் அவர் கழுத்து சடாரென்று உள்ளே போனது. கண் தானாகவே மேலே இருந்த கண்ணாடிக்குப் போனது. நானும் பார்த்தேன். பின்சீட்டில் தம்பி, பிரம்பைக் கவ்வியிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்தார்.

சீட்டுக்கு அடியில் ஒளித்துவைக்கத்தான் எடுத்தார். குனிந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் அது தெரியாது. கண்ணாடியில் தெரிந்தது பிரம்பும், கையும், பளபளவென்று பூணும்.

கார் ஆடுகளுக்கு நடுவில் குலுங்கி நின்றது. அண்ணன் இறங்கியதும் பின்கதவைத் திறந்ததும் தனித்தனியாக எனக்கு நினைவில்லை. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து மண்ணில் போட்டார். பிரம்பைப் பிடுங்கினார். முதல் அடி கழுத்தில். சத்தம் கேட்டு ஆடுகள் சிதறி ஓடின. இரண்டாவது தோளில். மூன்றாவது பூண்பக்கம் திரும்பிக் காதில் விழுந்தது. காதின் மேல்பாதி கிழிந்து தொங்கியது. அறுபத்தேழு வயது உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஒவ்வொரு அடிக்கும், "ஓட்றா! ஓட்றா! பல்லு உரசாம ஓட்றா!" என்றார். அது அவருடைய குரலே இல்லை. அறுபது வயதை நெருங்கிய ஒரு மனிதர் மண்ணில் மண்டியிட்டு, கையைத் தூக்காமல், முகத்தை மறைக்காமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

பாய் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து குறுக்கே விழுந்தார். ஒரு அடி அவர் முழங்கையில் விழுந்து, தோல் பிளந்தது. "யோவ், கூடப்பொறந்தவன்யா! செத்துருவான்யா!"

"விடுங்க பாய்" என்றார் தம்பி. வாயில் ரத்தம். "விடுங்க. அவன் அடிக்கட்டும்."

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எண்ணிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று இல்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற மூளை எண்ணியது. இருபத்துமூன்றாவது அடி தம்பியின் தலையை நோக்கி வந்தது. அவர் சாய, பிரம்பு காரின் கதவு விளிம்பில் மோதி இரண்டாக முறிந்தது. நாங்கள் ஏழு கோட் அடித்த கறுப்புப் பெயின்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. அண்ணன் கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்தார். நான் புதுத்தோல் பின்னிய பாதி. அதைக் கீழே போட்டுவிட்டு, ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

ஆம்புலன்ஸுக்குப் பாய் போன் செய்தார். அரை மணி ஆகும் என்றார்கள். தம்பியின் சட்டை இடதுபக்கம் முழுக்க நனைந்துவிட்டது. அண்ணன் எழுந்து வந்தார். வேட்டியின் ஒரு முனையைக் கிழித்து அந்தக் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டினார். பிறகு தம்பியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பின்கதவுப் பக்கம் போகவில்லை. முன்னால், நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்காரவைத்தார். "வாத்தியாரே, பின்னால ஏறுங்க. பெரியாஸ்பத்திரி எந்தப் பக்கமுங்க?" என்றார்.

நான் முறிந்த துண்டுகள் இரண்டையும் பொறுக்கிக்கொண்டு ஏறினேன். ஏன் பொறுக்கினேன் என்றால், பழக்கம்.

கார் திண்டுக்கல்லைப் பார்த்துத் திரும்பியது. எதிரே கோட்டைமலை. பிறகு தம்பி, கண்ணாடியில் என்னைப் பார்த்து அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன.

"எங்கய்யன் தன் கையால இவன அடிக்க மாட்டாருங்க. அந்த மூலையில உக்காந்துக்கிட்டு பெரம்ப எங்கையில குடுப்பாரு. கியரு உரசுனா நான் அடிக்கோணும். எனக்கு ஒம்பது வயசு, இவனுக்குப் பதினேழு. மெதுவா அடிச்சா எனக்கு விழுமுங்க. அதனால..." நிறுத்தினார். "அதனால ஓங்கித்தானுங்க அடிப்பேன்."

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"எறிஞ்சுருங்கன்னு சொன்னனே வாத்தியாரே" என்றார் தம்பி.



"களத்துல கோடு போட்டது நாந்தான்" என்றார் அண்ணன். முப்பது வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. முகத்தைத் திருப்பவில்லை. "இஞ்சினு இருக்கற பாதிய எவனாச்சும் வேண்டாம்பானா? நீ அத எடுத்துக்குவே, பின்னாலது எனக்கு விழும், அங்கேயே கொளுத்திப்போடலாம்னு சீமெண்ணெய் வாங்கி வச்சிருந்தேன்."

"தெரியும். டின்னப் பாத்தேன்."

"பாத்துட்டுமா எடுத்தே?"

"கொளுத்திட்டா நான் அடிச்சதே இல்லைன்னு ஆயிருமேன்னு எடுத்தேண்ணா. பொறவு நானே எறியலாம்னு பாத்தேன். கை வரல."

பழனி ரோட்டுச் சந்திப்பில் ஒரு டவுன்பஸ் குறுக்கே வந்தது. "இன்னிக்கு ஒரு தடவ," என்றார் அண்ணன், "அது இல்லாம ஓட்டிப்பாக்கோணும்னு வந்தேன். நீ பின்னால சும்மா உக்காந்திருக்கோணும். வேற ஒண்ணும் வேண்டியிருக்கல." கியரை இறக்கினார். மறுபடியும் பல் உரசியது. முன்னைவிடப் பலமாக.

இரண்டு பேர் கழுத்தும் ஒரே நேரத்தில் உள்ளே போனது. அண்ணனுடையதும் தம்பியுடையதும். இரண்டு பேர் கண்ணும் கண்ணாடிக்கு வந்தன. கண்ணாடியில் நான் இருந்தேன். இடது மூலையில், பெரியவர் உட்காரும் இடத்தில், மடியில் பிரம்போடு.

ஜன்னல் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி இறுக்கமாக இருந்தது. அதையும் நான்தான் சரிசெய்திருந்தேன். நாலு சுற்றுச் சுற்றினேன். இரண்டு துண்டுகளையும் வெளியே வீசினேன். ஒன்று சாக்கடையில் விழுந்தது. மற்றது ரோட்டில் விழுந்து, பின்னால் வந்த லாரியின் சக்கரத்துக்குள் போவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் வேகத்தைக் கூட்டினார். ஆஸ்பத்திரி வரை இன்னும் மூன்று இடத்தில் கியர் உரசியது.

காதுக்கு ஒன்பது தையல். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, "கார் கதவு" என்றார் தம்பி. டாக்டர் கழுத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. மாலை நாலே காலுக்குப் பழனி பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். தம்பி ஜன்னலோரம். அண்ணன் பக்கத்தில் உட்காரவில்லை, நடைவழியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட் காலியாகத்தான் இருந்தது. பஸ் நகர்ந்தபோதும் அவர் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை.

சுவர் இன்னும் இருக்கிறது என்று தோல் வியாபாரி சொல்கிறார். கார் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. கதவு விளிம்பில் பெயின்ட் போன இடத்தைப் பாய் இரண்டு தடவை பட்டி பார்க்க எடுத்தார், நான் வேண்டாம் என்றேன். பித்தளைக் கவ்விகளை அவர் கழற்றிவிட்டார். கேட்காமலே. நோட்டில் எண் 31-க்கு நேரே, ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு, 'எறியப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அந்த நோட்டில் அந்தச் சொல் அங்கே மட்டும்தான் இருக்கிறது.